வாரம் அரை அங்குலம்

பதிவேட்டில் உள்ள வாசகம் இது: "ஹாஜிரா பீ, தகப்பனார் இனாயத், வயது பத்து, நான்காம் வகுப்பு. இயல்பில் அடக்கமானவள். அதிகம் பேசாதவள். கணக்கில் மந்தம். பள்ளிச் சொத்தை அபகரித்த குற்றத்தை எழுத்து மூலம் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கோரியதால், கருணை கூர்ந்து தேர்வுக்கு அனுமதிக்கப்படுகிறாள்." அடியில் 1931 பிப்ரவரி மாதத் தேதி. அதற்கும் அடியில் வகுப்பாசிரியர் ஸ்ரீரங்கனின் கையெழுத்து.

இதில் பெயர் சரி, தகப்பன் பெயர் சரி, வயதும் வகுப்பும் சரி. மீதியெல்லாம் ஸ்ரீரங்கன் வாத்தியார் தம் வாழ்நாளில் எழுதிய ஒரே பொய். பழக்கமில்லாதவர் சொன்ன பொய் என்பது படித்தாலே தெரியும். பழகியவராக இருந்தால், 'கணக்கில் மந்தம்' என்று எழுதுமுன், அந்தப் பெண்ணைத்தான் வகுப்புச் சட்டாம்பிள்ளையாக வைத்து வாராவாரம் பென்சில் அளவு பதியச் சொன்னோம் என்பது ஞாபகம் வந்திருக்கும்.

அடக்கத்தைப் பற்றி, அவள் வீடு இருந்த கச்சேரி ரோட்டுப் பின்சந்தில் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். தாய் ஜைதூன் பீ, தன் பெண்ணுக்குக் கோபம் காதில் வருகிறது என்பாள். முதலில் காதுமடல் சிவக்கும். அப்புறம் பேச்சு நின்றுபோகும். பேச்சு நின்ற பிறகு அவள் எதிரில் நிற்காமல் இருப்பது நல்லது என்று சந்தில் ஆடு மாடுகளுக்குக்கூடத் தெரியும். ஆகவே 'அதிகம் பேசாதவள்' என்பதில் மட்டும் வாத்தியார் தம்மை அறியாமல் கொஞ்சம் உண்மையைக் கலந்துவிட்டார்.

அந்தப் பள்ளியில் மூன்றாம் வகுப்புவரை சிலேட்டும் பலப்பமும். நான்காம் வகுப்பில் காகிதமும் பென்சிலும். அந்த வருஷம் கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்ததும் லஸ் பக்கத்து வக்கீல் ஒருவர் தருமமாக இருபத்தாறு பென்சில்களை அனுப்பினார். கூடவே சீமையிலிருந்து வந்த ஒரு பித்தளை ஷார்ப்னர், கட்டைவிரல் நகம் அகலம். இருபத்தாறு பிள்ளைகளுக்கு இருபத்தாறு பென்சில், எல்லாருக்கும் சேர்த்து ஒரு ஷார்ப்னர். தருமம் செய்தவர் அத்தோடு மறந்துவிட்டார். ஸ்ரீரங்கன் வாத்தியாரால் எதையும் மறக்க முடியாது.

அவர் நேர்மையான மனிதர். சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்புமுன் விரலில் ஒட்டிய சாக்பீஸ் பொடியை வகுப்பிலேயே தட்டிவிட்டுப் போவார். பள்ளிச் சாக்பீஸ் பள்ளியிலேயே இருக்கவேண்டும் என்பது அவர் கொள்கை. இப்படிப்பட்டவர் கையில் அடுத்தவர் தருமம் வந்து சேர்ந்தால் ஆபத்து பிள்ளைகளுக்குத்தான். அன்று இரவே உட்கார்ந்து யோசித்திருக்கிறார். பென்சிலின் நீளம் ஏழு அங்குலம். தேர்வுக்குப் பதினான்கு வாரம். ஆக வாரத்துக்கு அரை அங்குலம். அதைவிட அதிகம் தேய்ந்தால் பிள்ளை தருமச் சொத்தை வீணடிக்கிறது. குறைவாகத் தேய்ந்தால் எழுதாமல் சோம்பியிருக்கிறது. எந்தப் பக்கம் தவறினாலும் கால் அங்குலத்துக்கு ஒரு அடி. கத்தி, பிளேடு எதுவும் பள்ளிக்குள் வரக்கூடாது. வீட்டில் சீவுவதும் கூடாது. வக்கீல் கொடுத்த ஷார்ப்னர் எதற்கு இருக்கிறது?

சனிக்கிழமை அரைநாள் பள்ளி. மணி அடிக்குமுன் பிள்ளைகள் பென்சிலோடு வரிசையில் நிற்பார்கள். வாத்தியார் அளவுகோலில் வைத்து அந்த வாரம் எவ்வளவு தேய்ந்தது என்று சொல்வார். ஹாஜிரா நோட்டில் எழுதுவாள். பிறகு பிரம்பு.

இந்தச் சட்டத்தில் இருந்த ஒரே ஓட்டை ஷார்ப்னர். அது கப்பலில் உப்புக்காற்று வாங்கியிருந்ததோ, கடையில் வருஷக்கணக்காகக் கிடந்ததோ, அதன் தகடு மழுங்கிப் போயிருந்தது. அது பென்சிலைச் சீவவில்லை, கடித்தது. மூன்று சுற்றுச் சுற்றினால் மரம் நார்நாராய்க் கிழியும். நாலாவது சுற்றில் முனை ஒடியும். மறுபடி முதலிலிருந்து. எழுதித் தேய்ந்ததைவிட ஷார்ப்னர் தின்றது அதிகம். முதல் சனிக்கிழமையே முக்கால், ஒன்று, ஒன்றேகால் என்று அளவுகள் வந்தன. பிரம்பு வேலை செய்தது.

அதிகம் வாங்கியவன் அம்மாசி. அடையாற்றங்கரைக் குடிசையிலிருந்து நடந்து வருகிறவன். எழுதும்போது காகிதத்தைக் குத்திக் கிழிக்கிற மாதிரி அழுத்தி எழுதுவான், முனை சீக்கிரம் போகும், ஷார்ப்னரிடம் அடிக்கடி போவான். ஐந்தாம் வாரத்தில் அவன் பென்சில் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. நாணல் தட்டை ஒன்றில் அதைச் செருகிப் பிடித்து எழுதினான். நாணல் அளவில் சேராது என்று வாத்தியார் தீர்ப்புச் சொன்னார்.

"ஹாஜிரா, என் பென்சிலு உசுரோட கீதா, செத்துப்பூட்ச்சா, பாத்துச் சொல்லு," என்பான் வரிசையில் நிற்கும்போது. "செத்துப்பூட்ச்சுன்னா சொல்லிடு, பீச்சாங்கரையில புதைச்சிட்டு வந்திர்றேன்." சிரித்துக்கொண்டே போவான், உள்ளங்கையைத் தொடையில் அழுத்திக்கொண்டு திரும்பி வருவான்.

ஒரே ஒருவன் மட்டும் வாரம் தவறாமல் அரை அங்குலம் காட்டினான். ரகுபதி. அவன் வீட்டில் அப்பாவின் சவரக்கத்தியால் பென்சில் சீவுகிறான் என்பதும், சனிக்கிழமை காலையில் அளவுகோல் வைத்துப் பார்த்து, போதாத கொஞ்சத்தை நறுக்கி எறிந்துவிட்டு வருகிறான் என்பதும் வாத்தியாரைத் தவிர எல்லாருக்கும் தெரியும். வாத்தியார் அவனை முன்னால் நிறுத்தி, ஒழுக்கம் என்றால் இதுதான் என்பார்.

நோட்டு எழுதுகிறவளுக்கு ஒரு தொல்லை உண்டு. மற்றவர்கள் தங்கள் அடியைத்தான் எண்ணுவார்கள். அவள் எல்லாருடையதையும் எண்ணவேண்டும். ஆறாவது சனிக்கிழமைக்குள் ஹாஜிராவுக்கு ஒரு விஷயம் தெளிவாகிவிட்டது. ஷார்ப்னர்தான் குற்றவாளி. வாத்தியாரிடம் சொல்லிப் பார்த்தாள். சீமைச் சாமானைக் குறை சொல்ல நீ யார் என்று கேட்டார். அவள் சாணை பிடிக்கிறவர் மகள் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தே கேட்டார். அவள் காது சிவந்தது.

இனாயத்துக்குத் தொழில் அதுதான். சாணைச் சக்கரத்தைத் தோளில் சுமந்துகொண்டு மயிலாப்பூர், சாந்தோம், புதிதாய் வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த மாம்பலம் என்று தெருத்தெருவாகப் போவார். அருவாமணை, கத்தரிக்கோல், நாவிதரின் கத்தி எல்லாம் அவரிடம் வரும். மகளைப் படிக்க வைப்பதில் அவருக்கும் ஜைதூன் பீக்கும் நெடுநாள் வழக்கு. முடிவில் ஒரு உடன்படிக்கை ஏற்பட்டது. நான்காம் வகுப்புத் தேர்வு தேறினால் ராயப்பேட்டையில் பெண்கள் பள்ளிக்கு அனுப்புவது. தேறாவிட்டால் வீடு, அப்புறம் நிக்காஹ். ஹாஜிராவுக்கு அந்தத் தேர்வைத் தவிர வேறு வாசல் இல்லை. அந்தத் தேர்வு மனுவில் கையெழுத்துப் போடவேண்டியவர் ஸ்ரீரங்கன் வாத்தியார்.

இதெல்லாம் தெரிந்தே, அந்த ஆறாவது சனிக்கிழமை மேஜை டிராயரில் ஷார்ப்னரை வைக்கவேண்டிய சட்டாம்பிள்ளை அதைத் துப்பட்டா முடிச்சில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலை தகப்பன் கையில் கொடுத்தாள். யாருடையது என்று கேட்டார். வாத்தியாருடையது என்றாள். அது உண்மை. ஆனால் இனாயத் புரிந்துகொண்டது வேறு. மயிலாப்பூர் வாத்தியார் ஒருவர் தம் கருவியை, இத்தனை சாணைக்காரர்கள் இருக்க, தம்மிடம் அனுப்பியிருக்கிறார் என்று எடுத்துக்கொண்டார். அவர் முகம் மாறியதைப் பார்த்து ஹாஜிரா வாயை மூடிக்கொண்டாள்.

சின்னத் திருகாணியைக் கழற்றித் தகட்டை எடுத்தார். ஹாஜிரா வாரைப் பிடித்து இழுக்கச் சக்கரம் சுற்றியது. பெரிய கல்லில் ஒரு தொடல், நாவிதர் கத்திக்கென்று வைத்திருந்த சின்னக் கல்லில் நாலு தொடல், கடைசியில் தோலில் இழுப்பு. முழங்கையில் ஒரு மயிரை வைத்துப் பார்த்தார். விழுந்தது.

"வாத்தியாருக்கு நம்ம சலாம் சொல்லு பேட்டி," என்றார் மகளிடம். "பென்சிலு சீவி முடிச்சா, மீசையும் இதுலயே எடுத்துக்கலாம்னு சொல்லு."

திங்கட்கிழமை காலை ஷார்ப்னர் டிராயரில் இருந்தது. அந்த வாரம் நான்காம் வகுப்பில் யாரும் கண்டிராத அதிசயம் நடந்தது. பென்சிலை நுழைத்து அரைச் சுற்றுச் சுற்றினால் மரம் ஒரே சுருளாக, பூவிதழ் மாதிரி வந்து விழுந்தது. முனை ஊசியாய் நின்றது. ஒருதரம் சீவினால் அரைநாள் எழுதலாம். அம்மாசிகூட வாத்தியார் பாராத நேரத்தில் ஷார்ப்னரை முத்தமிட்டுப் பார்த்தான், ஏதாவது மாய மந்திரமா என்று.

ஆனால் வாரம் ஒன்று, அதன் முடிவில் சனிக்கிழமை ஒன்று.

கால், அரைக்கால், கால். அளவுகள் வரிசையாகக் கீழே போயின. வாத்தியார் அளவுகோலை இரண்டுதரம் துடைத்துப் பார்த்தார். இத்தனை நாள் மேலே போன அளவு இப்போது கீழே போகிறது. காரணம் ஒன்றுதான் இருக்க முடியும். வகுப்பு முழுக்க ஒரு வாரமாக எழுதவே இல்லை. அவர் இப்படி நினைத்ததில் சூது ஒன்றும் கிடையாது. அவருடைய சட்டத்தில் எழுதியிருந்தது அதுதான். ரகுபதி வழக்கம்போல் கச்சிதமாக அரை அங்குலம் காட்டினான். உழைத்தவன் இவன் ஒருத்தன்தான் என்று அவன் முதுகில் தட்டினார் வாத்தியார். மற்றவர்களைச் சோம்பேறிகள் என்று வரிசையில் நிறுத்தினார்.

ஹாஜிரா எழுதிக்கொண்டே வந்தாள். பதினான்கு பேருக்கு ஆயிற்று. பதினைந்தாவது அம்மாசி. அவன் கையை நீட்டிக்கொண்டு, "போன வாரம் ஜாஸ்தி, இந்த வாரம் கம்மி. சார், நான் இன்னாதான் பண்றது, நீங்களே சொல்லுங்க," என்றான். அதில் கேலி இல்லை. அவன் கேலியில்லாமல் பேசியதை அவள் கேட்டது அன்றுதான். வாயாடியதற்கு ஒன்று சேர்த்துக்கொள் என்றார் வாத்தியார்.

அவள் பென்சிலை நோட்டின்மேல் வைத்தாள்.

"அவங்க எழுதினாங்க சார். ஷார்ப்னர் இப்ப நல்லா வெட்டுது. அதான் கம்மி."

"நல்லா வெட்டறதுன்னு ஒனக்கு யார் சொன்னா?"

"எங்க பாவா சாணை பிடிச்சார். நான்தான் எடுத்துனு போனேன்."

பிரம்பு பாதியில் நின்றது. வாத்தியார் ஷார்ப்னரை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். விரலால் தொட்டார். விரல் கீறி ரத்தம் வந்தது. அந்தக் கணத்தில் அவர் சிரித்திருந்தால் இந்தக் கதை இங்கே முடிந்திருக்கும். அவர் சிரிக்கிற ஜாதி இல்லை.

"பள்ளிக்கூடத்துச் சொத்தைக் கேக்காம எடுத்துண்டு போனா அதுக்கு என்ன பேர்?" என்று வகுப்பைக் கேட்டார்.

"சாணை சார்," என்றான் அம்மாசி. அதற்கும் ஒன்று விழுந்தது.

திங்கட்கிழமை தகப்பனைக் கூப்பிட்டு அனுப்பினார். இனாயத் சக்கரத்தை வாசலில் சுவரோடு சாத்திவிட்டு, தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு உள்ளே வந்தார். ஷார்ப்னர் எப்படி வெட்டுகிறது என்று கேட்கத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்ற நினைப்பில், வந்ததும் அதையே கேட்டார். வாத்தியார் விஷயத்தைச் சொன்னார். திருட்டு என்ற சொல்லை மூன்று தரம் சொன்னார். கடைசியில் வழியும் காட்டினார். திருடினேன், மன்னிக்கவேண்டும் என்று பெண் தன் கையால் எழுதித் தரட்டும். அது பள்ளி ஃபைலில் இருக்கும். இன்ஸ்பெக்டர் அடுத்த வாரம் வந்து பார்ப்பார். எழுதித் தந்தால் தேர்வு மனுவில் கையெழுத்து. இல்லாவிட்டால் இல்லை.

இனாயத் மகளை வராந்தாவுக்கு அழைத்துப் போனார். அவர் முகத்தைப் பார்க்க அவளுக்குப் பிடிக்கவில்லை. உள்ளே வந்தபோது நிமிர்ந்திருந்த மனிதர் இப்போது அரையடி குறைந்திருந்தார்.

"எழுதிக் குடுத்துடு பேட்டி. பரீட்சை போயிடும்."

"நான் திருடல பாவா."

"எனக்குத் தெரியாதா? எழுத்துதானே. அதுல என்ன ரத்தமா வரப்போவுது."

அவருக்குப் படிக்கத் தெரியாது. காகிதத்தில் எழுதியது எதுவும் அவரை இதுவரை ஒன்றும் செய்ததில்லை. ஏழு வாரமாகக் கால், முக்கால், ஒன்று என்று எழுதி, எழுதிய ஒவ்வொன்றுக்கும் பிரம்பு இறங்குவதைப் பார்த்தவளிடம் எழுத்துதானே என்று சொன்னது அவருடைய பிழை அல்ல. ஆனாலும் அவளுக்கு வாத்தியார்மேல் இருந்த கோபத்தில் பாதி அந்த நிமிஷம் தகப்பன்மேல் திரும்பியது. சாணை பிடிச்சது நல்ல வேலை என்று ஒரு வார்த்தை அவர் அந்த மனுஷனிடம் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் சாமி சாமி என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அவள் காதுமடல் சிவந்திருந்தது. பேச்சு நின்றுபோயிருந்தது. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அவர் சக்கரத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டு போனார்.

மத்தியான இடைவேளையில் காலியான வகுப்பில் அவளை உட்கார வைத்தார்கள். முழுக் காகிதம் இரண்டு. பிழை வந்தால் திருத்தி எழுத ஒன்று அதிகம் என்று வாத்தியார் யோசனையாகத்தான் கொடுத்திருந்தார். பென்சில் ஒன்று, நன்றாகச் சீவியது. கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடப் போனார்.

கொஞ்ச நேரத்தில் ஜன்னல் கம்பிக்கு வெளியே அம்மாசியின் தலை முளைத்தது. ஒரு பக்கம் நிரம்பி அவள் இரண்டாம் பக்கத்துக்குப் போயிருந்ததைப் பார்த்தான்.

"இன்னாம்மே எழுதிக்கினு கீறே? மன்னிப்பு இம்மாம் நீளமா?"

"மூணாவது சனிக்கிழமை ஒனக்கு அஞ்சா, ஆறா?"

"இன்னாது?"

"அடிடா."

அவன் கொஞ்சம் யோசித்தான். "ஆறு. அளவுக்கு அஞ்சு, வாயாடினதுக்கு ஒண்ணு."

"வாயாடினதத் தனியாப் போடறேன்," என்று குனிந்துகொண்டாள். அவன் எட்டி எட்டிப் பார்த்தான். தன் பெயர் வரி அவனுக்குத் தலைகீழாகத் தெரிந்தது. அதற்குப் பிறகு அவன் யாராவது வருகிறார்களா என்று பார்த்தபடி ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றான்.

மணி அடித்ததும் வாத்தியார் வந்தார். அவள் இரண்டு தாளையும் அவர் மேஜையில் வைத்தாள். அவர் நின்றபடியே படிக்க ஆரம்பித்தார். பிறகு உட்கார்ந்து படித்தார். இரண்டாம் தாளின் அடியில் ஒரு கூட்டல் இருந்தது. இருபது வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவருக்குக் கூட்டலைப் பார்த்தால் சரிபார்க்காமல் இருக்க முடியாது. உதடு அசைய மேலிருந்து கீழே கூட்டினார். கீழிருந்து மேலே கூட்டினார். இருநூற்று அறுபத்து மூன்று. சரியாக இருந்தது.

"இதையா எழுதச் சொன்னேன்?"

"நடந்தத எழுதியிருக்கேன் சார். ஃபைல்ல வைங்க."

வாத்தியார் அவளைப் பார்த்தார். ஃபைலை யார் பார்ப்பார் என்று காலையில் அவரே சொல்லியிருந்தார். அடித்தது தவறென்று அவருக்கு அப்போதும் தோன்றியிருக்காது. ஒவ்வொரு அடியும் சட்டப்படி விழுந்தது. ஆனால் ஒவ்வொன்றாய் விழுந்ததை ஒரே இடத்தில் கூட்டிப் பார்த்தது அதுதான் முதல் தடவை. காகிதத்தை நாலாக மடித்தார். ஃபைலில் வைக்கவில்லை. கோட்டின் உள்பையில் வைத்தார். சாக்பீஸ் பொடியைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோகாத மனிதர் பள்ளிக் காகிதம் இரண்டை அன்று வீட்டுக்குக் கொண்டுபோனார்.

போகுமுன் தேர்வு மனுவில் கையெழுத்துப் போட்டார். பதிவேட்டை எடுத்து, இன்ஸ்பெக்டர் கண்ணுக்கு ஏற்றமாதிரி, அடக்கமானவள் என்று தொடங்கி மன்னிப்பு, கருணை என்று முடித்தார். அடுத்த சனிக்கிழமை பென்சில்களை அளக்கவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவில்லை, ரகுபதியைத் தவிர. அவன் காலையில் வீணாக நறுக்கிவிட்டு வந்திருந்தான்.

ஏப்ரலில் ஹாஜிரா தேறினாள். இனாயத் வாத்தியாரின் பெருந்தன்மையைப் பற்றித் தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போனார். மன்னித்து விட்டாராம், எவ்வளவு பெரிய மனசு. அவள் தகப்பனோடு பத்து நாள் பேசவில்லை. அது எதற்கு என்று அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

ஹாஜிரா பீ செய்தது இது. மழுங்கிய ஷார்ப்னர் ஒன்றைச் சனிக்கிழமை எடுத்துப்போய்த் திங்கட்கிழமை கூராகத் திருப்பி வைத்தாள். மன்னிப்புக் கேட்கச் சொல்லிக் கொடுத்த தாளில், தன்னையும் சேர்த்து வகுப்பில் இருபத்தாறு பேரின் பெயரையும் எழுதி, ஒவ்வொருவரும் எந்தச் சனிக்கிழமை எத்தனை அடி வாங்கினார்கள் என்று பெயருக்கு நேரே போட்டு, கூட்டி, கையெழுத்திட்டுக் கொடுத்தாள்.